எடுத்தவுடன் கைக்கு வருவது

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அன்றிரவும் மறுநாள் விடியற்காலையும் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றை ஒட்டிய பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. உயிரோடு வெளியேறியவர்களில் ஏராளமானோர் அடுத்த சில வாரங்களில் வரிசையில் நின்றது காகிதங்களுக்காக. குடும்ப அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை இவற்றுக்கெல்லாம் நகல் கொடுப்பதற்கென்றே அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. அந்தக் காகிதங்களின் அருமை தெரியாதவர்கள் யாரும் இல்லை. அருமை தெரிந்ததால்தான் பீரோவுக்குள், பட்டுப் புடவைக்கு அடியில், பூட்டுக்குள் பூட்டு போட்டு வைக்கிறோம். திருடனுக்கு எட்டாத இடம் அது. அவசரத்தில் வீட்டுக்காரருக்கும் எட்டாத இடம். கீழ்த்தட்டாக இருந்தால் தண்ணீருக்கு மட்டும் முதலில் எட்டுகிற இடம்.

இப்படிப்பட்ட நேரத்தில் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக வைக்கும் அவசரப் பை என்றவுடன் எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. தண்ணீர், டார்ச், மாத்திரை, பிஸ்கட், கயிறு, விசில், ரேடியோ. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் பேரிடர் மேலாண்மை ஆணையம் இப்படியொரு பட்டியலை மக்களிடம் திரும்பத் திரும்பக் கொண்டுபோனது. ஜப்பானில் பல வீடுகளில் வாசலருகே தொங்கும் பைக்கும் இதே மாதிரிப் பட்டியல்தான் அடிப்படை. பட்டியல்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவை எதை வைப்பது என்பதோடு நின்றுவிடுகின்றன. எதற்கு மேல் எது, எந்தப் பொருள் எத்தனை விநாடிக்குள் கைக்கு வர வேண்டும், இருட்டில் யார் கைக்கு வர வேண்டும், எதை வைக்கவே கூடாது என்பவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. உயிரும் பொருளும் தப்புவதும் தப்பாததும் பெரும்பாலும் அந்தப் பேசப்படாத பகுதியில்தான் முடிவாகிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். பை என்பது பொருட்களின் தொகுப்பு என்பதைவிட, தலை தெளிவாக இருக்கும்போது எடுத்து வைத்த முடிவுகளின் தொகுப்பு. அதை அடுக்க வேண்டியது பொருளின் வகைப்படி அல்ல, நிமிடங்களின் வரிசைப்படி.

முடிவெடுக்க மூளைக்கு நேரம் பிடிக்கிறது என்பதை அளந்து காட்டியவர்களில் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக் முக்கியமானவர். 1952இல் அவர் வெளியிட்ட சோதனைகளில், எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். விளக்குகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கை பதில் சொல்லும் நேரமும் கூடியது. விளக்குகள் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் சேர்ந்துகொண்டே போனது. இங்கே கூடுதலாகும் நேரம் விநாடியின் ஒரு சிறு பகுதிதானே, அதற்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வகத்தில் அமர்ந்திருப்பவருக்கு எது விளக்கு, எது விசை, இரண்டுக்கும் என்ன உறவு என்பது முன்பே தெரியும். பைக்குள் கைவிடுகிறவருக்கு அவற்றில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். 1959இல் மௌப்ரே, ரோட்ஸ் என்ற இருவர் ஹிக்கின் விதிக்கு ஒரு விலக்கைக் கண்டுபிடித்தார்கள். ஒருவரைப் பல மாதங்கள் தொடர்ந்து பழக்கியபோது, இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கும் நான்கில் ஒன்றைத் தேர்வதற்கும் இடையிலான நேர வேறுபாடு மறைந்தே போனது. நம் காரியத்துக்கு உதவுவது விதியைவிட இந்த விலக்குதான். பழகிய கைக்குத் தேர்வு என்று ஒன்று இல்லை.

தேடுவதற்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. ஆன் ட்ரீஸ்மன், கேரி கெலேட் இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு பார்வைத் தேடலைப் பற்றியது. தேடும் பொருள் நிறத்தால் மட்டும் தனித்துத் தெரிந்தால், சுற்றிலும் எத்தனை பொருள் கிடந்தாலும் கண்டுபிடிக்கும் நேரம் ஏறக்குறைய மாறுவதில்லை. நிறமும் வடிவமும் சேர்ந்த ஒரு சேர்க்கையைத் தேட வேண்டியிருந்தாலோ, கிடக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் நேரம் கூடுகிறது. கண் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகிறது. கடைகளில் டாக்டிகல் பை என்ற பெயரில் விற்கப்படுபவை கறுப்பாகவும் பாசிப் பச்சையாகவும் இருப்பதையும், உள்ளே இருக்கும் உறைகளும் அதே நிறத்தில் இருப்பதையும் இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கலாம். எதிரியின் கண்ணுக்குத் தப்ப வேண்டிய படைவீரருக்கு அது சரி. தன் கண்ணுக்கே தப்பிவிடக் கூடாத குடும்பத்துக்கு அது நேர்மாறான பலனைத் தரும். மருந்துக்குச் சிவப்பு உறை, காகிதத்துக்கு மஞ்சள் உறை, விளக்குக்கு வெள்ளை உறை என்று ஒரு குடும்பம் முடிவுசெய்தால், மூவாயிரம் ரூபாய்ப் பையைவிட அது மேலான பொறியியல். இருட்டில் நிறம் உதவாது என்பது உண்மை. அதனால்தான் டார்ச் மட்டும் எந்த உறைக்குள்ளும் போகக் கூடாது; பையின் வெளியே, தொட்டால் தெரிகிற இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

அவசரத்தில் மூளை என்ன ஆகிறது என்பது மூன்றாவது சான்று. விபத்துகளில் சிலர் தப்பி ஓடாமல் அப்படியே உறைந்து நிற்பது ஏன் என்று ஜான் லீச் என்ற உளவியலாளர் 2004இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். புதிய சூழலைப் புரிந்துகொண்டு புதிய செயலை உருவாக்க மூளைக்குக் குறிப்பிட்ட நேரம் தேவை. ஆபத்து அதைவிட வேகமாக வந்தால் செயல் உருவாவதே இல்லை. அந்தச் செயல் முன்பே பயிற்சியால் உருவாகி இருந்தால் மூளை அதை எடுத்துக்கொள்ள மட்டும் செய்கிறது என்பது அவர் விளக்கம். பயந்தவர் கோழை என்ற பழைய தீர்ப்பை இது தள்ளிவிடுகிறது. நம் சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இதைத்தான் செய்கிறது: எண்ணெய் காய்ந்த பிறகு கடுகு எங்கே என்று யாரும் யோசிப்பதில்லை, பார்ப்பதும் இல்லை, கை போகிறது, வருகிறது. கிண்ணங்களின் இடத்தை ஒரு நாள் யாராவது மாற்றி வைத்தால் தாளிப்பு கருகிவிடும், கடுகு பெட்டிக்குள்ளேயே இருந்தாலும்.

கருவியின் இடம் உயிர் காக்கும் என்பதற்கு மிகக் கறாரான சான்று போர்க்களத்திலிருந்து வருகிறது. கை அல்லது காலில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால், காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் பட்டைக்கு டூர்னிகே என்று பெயர். மலிவான, எளிய கருவி. உறுப்பையே இழக்க நேரும் என்ற பயத்தால் நீண்ட காலம் மருத்துவர்கள் அதைக் கடைசிப் புகலாகவே கருதினார்கள். பாக்தாதில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் 2006இல் ஜான் கிராக் தலைமையிலான குழு டூர்னிகே கட்டப்பட்ட 232 பேரின் நிலையைப் பதிவுசெய்தது. ரத்தம் வடிந்து உடல் அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சி நிலைக்குப் போன பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தது 10 சதவீதம். கருவி ஒன்றுதான், கட்டும் முறையும் ஒன்றுதான். கட்டிய நேரம்தான் வேறு. தொடையின் பெரிய தமனி அறுந்தவருக்கு இருப்பது சில நிமிடங்கள். அவற்றில் ஒன்றை ஜிப்பைத் திறப்பதிலும் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழிப்பதிலும் செலவழித்துவிட முடியும்.

ஆகவே படைகள் கருவியை வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. அது இருக்கும் இடத்தையும் விதியாக்கின. போர்க்களச் சிகிச்சை விதிகளின்படி டூர்னிகே உறை பிரிக்கப்பட்டு, கட்டுவதற்குத் தயாராக மடிக்கப்பட்டு, இடது கை, வலது கை இரண்டுக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அடிபட்டது வலது கையாக இருந்தால் வலது இடுப்பில் இருக்கும் கருவி இல்லாததற்குச் சமம். அமெரிக்காவின் 75வது ரேஞ்சர் படைப்பிரிவு இதை மருத்துவ உதவியாளர்களோடு நிறுத்தாமல் ஒவ்வொரு வீரருக்கும் கற்றுக்கொடுத்தது. 2001 முதல் 2010 வரை அந்தப் பிரிவில் காயமடைந்தவர்கள் 419 பேர், இறந்தவர்கள் 32 பேர். களத்தில் தடுத்திருக்கக்கூடிய சாவு என்று அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. அதே பத்தாண்டில் அமெரிக்கப் படைகள் முழுவதையும் எடுத்துக்கொண்ட இன்னொரு ஆய்வில், மருத்துவமனையை அடையும் முன் நேர்ந்த சாவுகளில் ஏறக்குறைய கால் பங்கு தடுத்திருக்கக்கூடியவை என்றும், அவற்றில் பத்தில் ஒன்பது ரத்தப்போக்கால் நேர்ந்தவை என்றும் தெரியவந்தது. ரேஞ்சர்களின் வெற்றிக்குப் பயிற்சி, தலைமை, உடல்தகுதி எல்லாம் காரணம். பட்டையின் இடம் மட்டுமே காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே கருவியை வைத்திருந்ததால்தான், அடிபட்டவரின் உடம்பில் எங்கே கைவைப்பது என்பது பக்கத்தில் இருந்த எவருக்கும் தெரிந்திருந்தது.

1990களின் இறுதியில் அமெரிக்கப் படைக்கு வந்த மோலி என்ற சுமைமுறை இந்த எண்ணத்தையே துணியில் நெய்தது. பையின்மேல் ஓர் அங்குல அகலப் பட்டைகள் ஓர் அங்குல இடைவெளியில் கிடையாக ஓடும். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். எந்த உறையையும் எங்கே வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சுதந்திரமே ஒரு தொல்லையாகவும் முடிகிறது. எதையும் எங்கும் மாட்டலாம் என்றால் மனிதர்கள் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் மாட்டுகிறார்கள்.

அதன் விளைவு எடை. 1990இல் வந்த அமெரிக்கப் படையின் நடைப்பயணக் கையேடு, சண்டைக்குப் போகும் வீரரின் சுமை சுமார் 22 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றது. 2003இல் ஆப்கானிஸ்தானில் ஒரு குழு வீரர்களோடு கூடவே நடந்து சுமையை நிறுத்துப் பார்த்தபோது, சண்டைச் சுமையின் சராசரி ஏறக்குறைய 29 கிலோ. நெடுநடைக்கு 46 கிலோ. மிக நெருக்கடியான பயணங்களுக்கு 60 கிலோ. கையேட்டை யாரும் படிக்காததால் வந்த வினை இல்லை இது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் மறுக்க முடியாத நியாயம் உண்டு: ஒரு பேட்டரி கூடுதலாக, ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாக. கூட்டுத்தொகைக்கு மட்டும் நியாயம் சொல்ல ஆள் இல்லை. வீட்டுப் பையும் இப்படித்தான் பருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒவ்வொன்றாக உள்ளே போகிறது. கடைசியில் பாட்டியால் தூக்க முடியாத, தாத்தாவால் தோளில் மாட்ட முடியாத ஒன்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீரைக் கொண்டே இதைக் கணக்குப் போட்டுவிடலாம். குடிக்கவும் உணவுக்கும் ஒருவருக்கு நாளைக்கு மூன்று லிட்டர். உதவி வந்து சேர 72 மணி நேரம் ஆகலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர். 36 கிலோ. பட்டியலின் முதல் வரியே பையைத் தூக்க முடியாததாக ஆக்கிவிட்டது. 72 மணி நேரம் என்பதும் வெறும் கற்பனை எண் இல்லை. 2023 டிசம்பர் 17 அன்று திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்த வேளை அது. சுமார் 800 பயணிகளில் பெரும்பகுதியினர் 19ஆம் தேதிவரை வெளியே வர முடியவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் போட வேண்டியிருந்தது. தண்ணீர் தேவை என்பதும் உண்மை, தூக்க முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பைக்குள் திணிக்க முயல்வதுதான் தவறு.

படைவீரர்களின் சுமையில் மூன்று வரிசை உண்டு. உடம்போடு ஒட்டியது முதல் வரிசை. இடுப்புப் பட்டியிலும் மார்புச் சட்டையிலும் இருப்பது இரண்டாவது. முதுகுப் பை மூன்றாவது. பின்னதைக் கழற்றி எறிந்தாலும் முன்னது தங்கும். குடும்பத்துக்கும் இதே பிரிவினை பொருந்தும். கண்ணாடி, செல்போன், அன்றைய மாத்திரை, கொஞ்சம் பணம், அடையாள அட்டை ஆகியவை உடம்பில், அல்லது தலைமாட்டில் ஒரு சிறு பையில்: ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்துக்கு. காகிதங்கள், ஒரு வார மருந்து, டார்ச், பவர் பேங்க், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குளோரின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மாற்றுத்துணி, மாதவிடாய்த் துணி, குழந்தைக்கு வேண்டியவை ஆகியவை தோளில் மாட்டும் பையில்: பத்து நிமிடம் கிடைக்கும் நேரத்துக்கு. 36 லிட்டர் தண்ணீரும் அரிசியும் அடுப்பும் வீட்டிலேயே, பரண்மேல், வெள்ளம் எட்டாத உயரத்தில்: வெளியேற வேண்டியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் நேரத்துக்கு. சென்னையின் மாடி வீடுகளில் இருந்தவர்களுக்கு 2015இல் நேர்ந்தது பெரும்பாலும் மூன்றாவது வகை. பட்டியல்கள் இந்த மூன்று நேரங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரே சாமானாகக் காட்டுகின்றன. பை எடை கூடுவதும் அதனால்தான்.

இதற்கு வரும் மறுப்புகளில் மிகக் கடுமையானது, பையே உயிரைக் கொல்லும் என்பது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். எட்டு வாசல்களில் பயன்பட்டவை மூன்றுதான். பைகளை விட்டுவிட்டு வாருங்கள் என்று பணியாளர்கள் கத்தினார்கள். பயணிகள் அப்படியே செய்தார்கள். புதிய விமானங்களைப் பாதி வாசல்களை அடைத்து வைத்து 90 விநாடிக்குள் காலிசெய்து காட்ட வேண்டும் என்பது விதி. 2006இல் ஏர்பஸ் ஏ380 சோதனையில் 873 பேர் 78 விநாடியில் இறங்கினார்கள். அந்தக் கணக்கில் கைப்பை தூக்குகிறவருக்கு இடமே இல்லை. 2004 சுனாமியின்போது சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவிலும் இதே பாடம். 1907இல் வந்த பேரலையின் நினைவு அங்கே தலைமுறை தலைமுறையாகக் கதையாக வழங்கிவந்தது. நிலம் குலுங்கிய பத்து நிமிடத்துக்குள் முதல் அலை வந்தது. குலுக்கம் நின்றதுமே மக்கள் மலைமேல் ஓடியிருந்தார்கள். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. எந்தப் பையும் செய்திருக்க முடியாத வேலையை ஒரு கதை செய்தது.

இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அதன் ஓரத்தைத் தீட்டிக் கொடுக்கிறது. எப்போது பையை எடுப்பது என்பதைப் போலவே எப்போது தொடவே கூடாது என்பதும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டிய முடிவு. தீ, கடல் திடீரென உள்வாங்குதல், மண்சரிவின் சத்தம்: இவற்றுக்குப் பை இல்லை, கால்கள்தான். புயல், ஏரி திறப்பு அறிவிப்பு, அதிகாரபூர்வச் சுனாமி எச்சரிக்கை: இவற்றுக்குப் பை உண்டு. 2004இல் சுமத்ராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நாகப்பட்டினத்தில் அலை ஏறியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரம் யாருக்கும் சொல்லப்படவில்லை. இன்று ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் அந்த நேரத்தை நமக்குக் கொடுக்க முயல்கிறது. கிடைத்த நேரத்தில் பாதியைப் பீரோ சாவி தேடுவதில் தொலைத்துவிட்டு எச்சரிக்கை மையத்தைக் குறைசொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு: கட்டிவைத்த பை ஒருவரை வீட்டுக்குள் திரும்பப் போகச் செய்வதைவிட, கட்டாத பை திரும்பப் போகச் செய்யும் வாய்ப்பு அதிகம். வெளியேறிய பிறகு நகைக்கும் பத்திரத்துக்கும் மாத்திரைக்குமாக உள்ளே ஓடுகிறவர், அவை சிதறிக் கிடப்பதால்தான் ஓடுகிறார்.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் பயத்தை விற்கும் வியாபாரம் என்பது. பாதி சரி. உலகம் முடியப்போகிறது என்ற கனவில் கத்தியும் முகமூடியும் வாங்கிக் குவிப்பவர்களை நம்பி ஒரு சந்தையே நடக்கிறது. அவர்கள் வாங்குவதில் பெரும்பகுதி, நிகழவே வாய்ப்பில்லாத ஆபத்துக்கு. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வருவது நிகழ வாய்ப்பில்லாத ஒன்றா? நம் கடற்கரைக்கு ஆபத்து எந்த மாதத்தில், எந்தத் திசையிலிருந்து வரும் என்பதுவரை தெரியும். தெரிந்த ஆபத்துக்குத் தயாராவது பயத்தின் வேலை இல்லை.

மூன்றாவது மறுப்புக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. எல்லாவற்றிலும் இன்னொன்று வாங்கி ஒதுக்கி வைக்க வசதி உள்ளவர்களுக்குத்தான் பை. ஒரே டார்ச், ஒரு மாத மாத்திரையை வாரா வாரம் வாங்கும் குடும்பம், ஆற்றோரக் குடிசை, இவர்களிடம் போய் 72 மணி நேரத்துக்குச் சேமித்து வை என்று சொல்வது அரசு தன் பொறுப்பைத் தள்ளிவிடுவதாகாதா? ஆகும், பை கால்வாய்க்கும் முகாமுக்கும் மாற்றாகச் சொல்லப்பட்டால். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் சிக்கியவர்களுக்கு முதலில் சோறு போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு. அந்த மாதிரி ஊர் வலுவுக்கு எந்தப் பையும் ஈடாகாது. ஆனால் நான் சொல்லிவரும் ஒழுங்குக்கு வாங்குவது அதிகம் தேவைப்படுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இருக்கும் காகிதங்களைப் பூட்டிலிருந்து எடுத்து, நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு மஞ்சப்பையில் வைத்து ஆணியில் உயரத் தொங்கவிடச் செலவு மிகக் குறைவு. ஒரே டார்ச்தான் என்றால் அதற்கு இரவில் ஒரே இடம் என்று முடிவுசெய்யச் செலவே இல்லை. வசதி குறைந்த வீட்டில் ஒரு பட்டா தொலைவதால் வரும் அலைச்சல், வசதியான வீட்டைவிடப் பல மடங்கு என்பதால், வரிசை அங்கேதான் அதிகம் பயன்படும்.

காகிதம் எதற்கு, எல்லாம் செல்போனில் இருக்கிறதே என்பது இக்காலத்து மறுப்பு. 2015இல் தொடங்கிய டிஜிலாக்கர் உண்மையிலேயே பெரிய உதவி. அதில் வழங்கப்படும் ஆவணங்கள் அசலுக்குச் சமமாக ஏற்கப்பட வேண்டியவை. சான்றிதழுக்காக உயிரைப் பணயம் வைத்து உள்ளே ஓட வேண்டியதில்லை என்ற நிம்மதிக்காகவே அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மின்சாரம் போய், செல்போன் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்த மூன்றாம் நாளில், முகாமில் மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டிய சர்க்கரை நோயாளிக்கு ஒரு துண்டுக் காகிதம் மேல். மருந்தின் பெயர், அளவு, ரத்த வகை, மூன்று தொலைபேசி எண்கள். கையால் எழுதினால் போதும்.

இந்தப் பைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது கவனிப்பாரில்லாமல்தான். டார்ச்சுக்குள்ளேயே விட்டு வைத்த பேட்டரி கசிந்து முனைகளை அரித்துவிடும். பேட்டரியைத் தனியாக, டார்ச்சோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும். பவர் பேங்க் சும்மா இருக்கும்போதே மெல்ல வடியும். குழந்தைகளின் துணி ஒரே ஆண்டில் சிறிதாகும். குளோரின் மாத்திரைக்கும் காலாவதி உண்டு. பணத்துக்குக்கூட உண்டு: 2015இல் ஆயிரம் ரூபாய்த் தாள்களைப் பைக்குள் வைத்தவரின் சேமிப்பு 2016 நவம்பர் 8 இரவு செல்லாததானது, அதற்குப் பதில் இரண்டாயிரம் ரூபாய்த் தாள் வைத்திருந்தால் 2023இல் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. சில்லறை நோட்டுகளே நல்லது, வெள்ளத்தில் மீதி கொடுக்க யாரிடமும் இருக்காது. சரிபார்க்க நம் நாட்காட்டியிலேயே ஒரு நாள் வாய்த்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. அதற்குக் கொஞ்சம் முன்போ ஒட்டியோ ஆயுத பூஜை வருகிறது. கருவிகளை எடுத்துத் துடைத்து வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிற நாள். அன்று அரிவாளோடும் ஸ்குரூ டிரைவரோடும் இந்தப் பையும் வெளியே வரலாம்.

வெளியே வந்ததும் செய்ய வேண்டியது சோதனை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பையை அடுக்கியவர் அல்லாத ஒருவர், முடிந்தால் வீட்டிலேயே மூத்தவர், டார்ச்சையும் மாத்திரையையும் காகித உறையையும் எடுக்க வேண்டும். அடுக்கியவருக்கு எல்லாம் எளிதாகத்தான் இருக்கும். ஹிக்கின் விதியிலிருந்து பழக்கத்தால் தப்பித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களின் கை ஜிப்பின் எந்த முனையில் தடுமாறுகிறது, எதைத் துண்டென்று நினைத்துத் தள்ளுகிறது, எந்த முடிச்சு கீல்வாதம் வந்த விரலுக்கு அவிழவில்லை என்பதெல்லாம் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிக நேரம் பிடித்த பொருள் ஓர் அடுக்கு மேலே வர வேண்டும். அவிழாத முடிச்சுக்குப் பதில் வெல்குரோ பட்டை. இரண்டு மூன்று முறை சோதித்தும் யாருமே கைவைக்காத பொருட்கள் பரணுக்குப் போகட்டும். ஆயுத பூஜைக்கு மறுநாளே அவற்றை யாராவது திரும்பவும் பைக்குள் போடப் பார்ப்பார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.